70 வயது ஆயுஷ்மான் கார்டை நம்பி பழைய பாலிசியை விடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 73, அம்மாவுக்கு 67. குரோம்பேட்டையில் எங்களோடு இருக்கிறார்கள். அப்பாவுக்கு சர்க்கரை, ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இருவருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஒரு ஃப்ளோட்டர் பாலிசி பல வருடமாக ஓடுகிறது. பிரீமியம் 46,000-லிருந்து இந்த வருடம் 54,000 ஆகிவிட்டது. "70 தாண்டினா கவர்மென்ட்டே 5 லட்சம் தருதாமே, எதுக்கு இந்தத் தண்டம்?" என்கிறார் அப்பா. நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், முக்கியமாக அம்மாவுக்காக. அப்பா சொல்வது ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு. 2024 அக்டோபரில் தொடங்கினார்கள், 70 வயது நிறைந்த யாருக்கும் உண்டு, வருமான வரம்பு கிடையாது, ஆதாரில் இருக்கும் வயதுதான் கணக்கு. ஆனால் அது 70 ஆனவருக்கு மட்டும்தான், மனைவியைக்கூடச் சேர்க்க முடியாது. அம்மாவுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அப்போதும் தனியாக இன்னொரு 5 லட்சம் வராது, ஒரே குடும்பத்தில் 70 தாண்டியவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் வருடத்துக்கு அந்த 5 லட்சம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அம்மாவைச் சேர்க்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கு குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். உங்கள் சம்பளத்தோடு ஒரே ரேஷன் கார்டில் இருக்கும்வரை அந்த வருமானச் சான்றிதழ் கிடைக்காது. காசு கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஆட்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, அப்பா கார்டை எடுக்கட்டும், இலவசம்தானே. ஆயுஷ்மான் ஆப்பிலேயே பதியலாம், சந்தேகம் இருந்தால் 14555-க்குப் போன் போடுங்கள். தனியார் பாலிசி இருப்பது இதற்குத் தடை இல்லை. கார்டில் உண்மையிலேயே நல்ல விஷயம், சர்க்கரை, ஸ்டென்ட் எல்லாம் முதல் நாளிலிருந்தே செல்லும், காத்திருப்புக் காலம் கிடையாது. ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், சிகிச்சைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகைக்குள்தான். பட்டியலில் இல்லாத இடத்தில் படுத்துவிட்டு, பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்கலாம் என்று நினைத்தால் ஒரு ரூபாய் வராது. அதனால் அவசரம் என்றால் எங்கே ஓடுவீர்களோ, அந்த ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுன்டரில் இப்போதே நேரில் போய்க் கேளுங்கள்: 70 வயது கார்டை எடுத்துக்கொள்கிறீர்களா, இதய சிகிச்சைக்கும் உண்டா, எந்த வார்டு. பொதுவாக "எடுப்போம்" என்று சொன்னால் போதாது, சில இடங்கள் சில பிரிவுகளுக்கு மட்டும்தான் சேர்ந்திருப்பார்கள்.

இன்னொன்று, இது படுக்கையில் சேர்ந்தால்தான். சேர்வதற்கு முன் 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் வரை மருந்து, பரிசோதனை இதிலேயே அடங்கும். மாதாமாதம் வாங்கும் மாத்திரை, டாக்டர் ஃபீஸ் எல்லாம் கைக்காசுதான். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்துகொள்ளுங்கள். கிண்டியில் 2024-ல் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்திருக்கிறார்கள், புறநோயாளியாக அங்கே ஒரு முறை காட்டிப் பாருங்கள்.

இனி அந்த 54,000. உங்கள் பாலிசியின் முதல் இரண்டு பக்கத்தில், சின்ன எழுத்தில், ரூம் வாடகை வரம்பும் கோ-பேயும் (பில்லில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு) போட்டிருக்கும். அதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். வாடகை வரம்பு நாளுக்கு 5,000, கோ-பே 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 10,000 ரூபாய் ரூம் எடுக்கிறீர்கள், பில் 3 லட்சம். அதில் மருந்து, ஸ்டென்ட், பரிசோதனை 60,000, அதில் கை வைக்க மாட்டார்கள். மீதி 2,40,000-ல் வாடகை இரண்டு மடங்கு ஆனதால் டாக்டர், தியேட்டர் கட்டணம் எல்லாம் கம்பெனி கணக்கில் பாதியாகிவிடும், அதாவது 1,20,000. ஆக 1,80,000, அதிலும் 20 சதவீதம் போனால் கம்பெனி தருவது 1,44,000. உங்கள் கையிலிருந்து 1,56,000! 5,000 ரூம் எடுத்திருந்தால் பில்லே குறைந்திருக்கும், கோ-பே மட்டும்தான் உங்கள் செலவு. பாலிசி மோசம் என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இந்த ரூம் கதைதான் என்பது என் எண்ணம்.

பிரீமியம் 46-லிருந்து 54 என்றால் 17 சதவீதத்துக்கு மேல். மூத்த குடிமக்களுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் தன்னிடம் முன்கூட்டியே பேச வேண்டும் என்று காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. எந்தக் கணக்கில் ஏற்றினீர்கள் என்று கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை, நோட்டீஸில் அது சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், ஃப்ளோட்டரில் மூத்தவர் வயதை வைத்துத்தான் விலை. உண்மையிலேயே கட்ட முடியவில்லை என்றால் அம்மாவுக்குத் தனிப் பாலிசி பிரித்துத் தரச் சொல்லுங்கள், பழைய வருடங்களின் பலன் அப்படியே தொடரும் என்று எழுத்தில் வாங்குங்கள், புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே கேளுங்கள். அப்பாவுடையதை இந்த வருடம் விட வேண்டாம். விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுக்கப் போனால், ஸ்டென்டைப் பார்த்து மறுக்கலாம், கொடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்க வைக்கலாம்.

கார்டில் 5 லட்சம், அதற்கு மேல் சூப்பர் டாப்-அப் (5 லட்சத்தைத் தாண்டும் செலவை மட்டும் தரும் பாலிசி) என்று யாராவது யோசனை சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். கார்டை ஏற்காத பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்த முதல் 5 லட்சம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

நீங்கள் பழைய வருமான வரி முறையில் இருந்தால், பெற்றோருக்காகக் கட்டும் இந்தப் பிரீமியத்துக்கு 50,000 வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டாதீர்கள், கட்டினால் கழிவு கிடைக்காது.