வெடிக்குப் பயந்து ஓடிய மணி

செல்லப் பிராணிகள்: கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: ஒரு கால்நடை மருத்துவர்

கேள்வி: தீபாவளி இரவு பக்கத்து வீட்டில் சரவெடி வைத்தபோது எங்கள் மணி கேட்டைத் தாண்டிக் குதித்து ஓடிவிட்டான். நாட்டு நாய்தான், ஆறு வயது. இன்றோடு மூன்று நாள் ஆகிறது. நானும் பிள்ளைகளும் தெருத்தெருவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. கிடைப்பானா டாக்டர்?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: கடிதம் கிடைத்த அன்றே உங்களுடன் போனில் பேசிவிட்டேன் அம்மா. வேட்டுச் சத்தம் கேட்கிற ஒவ்வொரு பண்டிகைக்கும் இதே கேள்வி வருவதால், அன்று சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். பயத்தில் ஓடிய நாய், வளர்த்தவர் குரலைக் கேட்டும் ஓடும். பாசம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் எந்தச் சத்தமும் அதற்கு ஆபத்தாகத்தான் படும்.

பாளையங்கோட்டையில் இருந்தபோது என் சிப்பிப்பாறை நாய் கோயில் கொடை வேட்டுக்கு மிரண்டு சங்கிலியோடு ஓடியது. மூன்று நாள் பைக்கில் ஊரெல்லாம் சுற்றினேன். நான்காம் நாள் விடியற்காலை பால்காரர் வந்து சொன்னார்: இரண்டு தெரு தள்ளி, பாலம் கட்டப் போட்டிருந்த சிமென்ட் குழாய்க்குள் கிடக்கிறது என்று. ஓடிப்போய்க் கூப்பிட்டேன். இன்னும் உள்ளே நகர்ந்தது. என்னைத் தெரிந்த அடையாளமே அதன் கண்ணில் இல்லை. அப்புறம் குழாய்க்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, தினமும் அதற்குச் சோறு வைக்கிற அலுமினியத் தட்டை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். சங்கிலி உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு ஈர மூக்கு முழங்கையில் பட்டது. அப்போதும் திரும்பவில்லை. மடியில் தலையைச் சாய்த்த பிறகுதான் கழுத்துப் பட்டையைப் பிடித்தேன்.

ஆகவே பக்கத்திலேயே தேடுங்கள். விடியற்காலை நாலு, ஐந்து மணிதான் நல்ல நேரம். வண்டிகள் ஓடாது, பசியோடு வெளியே வரும். நிற்கிற கார்களுக்கு அடியில், கால்வாய் மூடிகளுக்குக் கீழே, கட்டுமான இடத்தில், காலி மனைப் புதரில் டார்ச் அடித்துப் பாருங்கள், கண் மின்னும். ஒரு தெருவில் மற்ற நாய்கள் விடாமல் குரைத்தால் அங்கே போய்ப் பாருங்கள், புது நாய் நுழைந்திருக்கலாம். பால் போடுபவர், பேப்பர் போடுபவர், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலாளி, தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர் எல்லோரிடமும் போட்டோவைக் காட்டுங்கள். பார்த்தால் துரத்த வேண்டாம், நின்ற இடத்திலிருந்து போன் மட்டும் செய்யச் சொல்லுங்கள். கடைகளில் கேமரா பதிவை இன்றே கேளுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

வீட்டு வாசலில் நீங்கள் உடுத்தித் துவைக்காத புடவையையும் அவன் படுக்கும் சாக்கையும் போட்டு, இரவில் கேட்டைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கருவாடு போட்ட சோறு வைத்தால் வாசனை தூரம் போகும்.

மாநகராட்சியின் நாய்க் கருத்தடை மையத்துக்கு நேரிலேயே போய்ப் பாருங்கள். உங்களுக்கு மீனம்பாக்கம் மையம்தான் பக்கம். பட்டை கழன்றிருந்தால் தெருநாய் என்று பிடித்திருப்பார்கள். தெருநாய்க் கருத்தடைக்கான 2023 விதிகளின்படி பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்றாலும், அதுவரை காத்திருக்க வேண்டாம். வேளச்சேரியில் உள்ள புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பிலும் ஒருமுறை கேளுங்கள்.

நோட்டீஸில் பெரிய போட்டோ, போன் நம்பர் போதும். ஒரு அடையாளத்தை மட்டும் எழுதாமல் வையுங்கள். “நாய் என்னிடம் இருக்கிறது, ஜிபேயில் ஐயாயிரம் போடுங்கள்” என்று யாராவது அழைத்தால் அந்த அடையாளத்தைக் கேளுங்கள், வீடியோவில் நாயைக் காட்டச் சொல்லுங்கள். நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு மைக்ரோசிப் போட்டிருக்கிறோம். தொலைந்தால் செல்போனில் இடம் தெரியுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தெரியாது. அரிசி அளவுள்ள அந்தச் சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான். பேட்டரி கிடையாது. யாராவது நாயைப் பிடித்துக்கொண்டு போய், அதைப் படிக்கும் கருவியைத் தோள்பட்டைப் பக்கம் வைத்தால்தான் எண் தெரியும். அந்த எண்ணோடு பதிவான உங்கள் போன் நம்பர் பழையதென்றால் அதுவும் பயன்படாது, உடனே மாற்றுங்கள். பட்டையிலும் ஒரு தகட்டில் நம்பரைப் பொறித்து மாட்டுங்கள். தெருவில் பார்ப்பவருக்கு அதுதான் உதவும்.

கேள்வி: டாக்டர், மணி கிடைத்துவிட்டான்! ஐந்தாம் நாள் விடியற்காலை, ரயில்வே லைன் பக்கம் காலி மனையில். நீங்கள் சொன்ன மாதிரி திரும்பி உட்கார்ந்தேன், வந்துவிட்டான். ரொம்ப இளைத்திருக்கிறான். என்ன கொடுக்கட்டும்?
– அதே வாசகி

பதில்: படித்ததும் மனசு நிறைந்துவிட்டது அம்மா. நிறையச் சாப்பாடு ஒரேயடியாக வைத்துவிடாதீர்கள், வாந்தி எடுப்பான். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். இரண்டு நாளைக்குக் குழைந்த சோறும் உப்பு போடாமல் வேகவைத்த கோழியும், ஒரு கைப்பிடி அளவில் நாலைந்து வேளையாகக் கொடுங்கள். காதுக்குள், விரலிடுக்கில் உண்ணி பாருங்கள். மற்ற நாய் கடித்த காயம் முடிக்குள் மறைந்திருக்கும், கையால் தடவிப் பாருங்கள். இருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.