புதுச்சேரி அருகே உள்ள வில்லியனூரின் சுடுமண் சிற்பங்களில் இயற்கை வெறும் அலங்காரமா?

இல்லை. இலை, பறவை, யானை என்று உருவங்கள் வருவது ஒரு பக்கம். மண்ணின் குணத்துக்கு வளைந்துகொடுப்பதுதான் பெரிய விஷயம் என்பேன். ஈரக் களிமண் காயும்போது சுருங்கும். மெல்லிய பகுதி சீக்கிரம் காய்ந்து, கனமான பகுதி பின்தங்கினால் நடுவே விரிசல் விழும். உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் ஆவியாகி, சிற்பத்தையே வெடிக்க வைத்துவிடும். அதனால்தான் பெரிய யானையின் உடம்பை உள்ளே வெற்றிடம் விட்டுக் கூடாக எழுப்புகிறார்கள். அப்புறம் காதையும் தும்பிக்கையையும் குழைமண் தடவி ஒட்டி, நிழலில் மெதுவாக உலர்த்துகிறார்கள். இதில் அவசரம் ஆகவே ஆகாது. இந்தக் கலைக்காகப் புதுச்சேரியின் வி. கே. முனுசாமி 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். வில்லியனூர் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. புதுச்சேரி வருபவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் வில்லியனூர்ப் பக்கமும் அவசியம் போக வேண்டும்.