ஊசி எத்தனை என்று முதலில் எண்ணுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் குடியிருக்கிறோம். என் கணவர் செம்பனை ஆலையில் 32 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். பிள்ளைகள் மூவரும் காசு போட்டு 380 வெள்ளிக்கு ஒரு போன்சாய் மரம் வாங்கித் தந்தார்கள். "ஜப்பான் பைன், நூறு வருடம் இருக்கும், ஹாலில் வைக்கலாம், தினம் ஒரு கிளாஸ் தண்ணீர் போதும்" என்று கடைக்காரர் சொன்னாராம். சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்தோம். மூன்றாவது மாதம் நுனியெல்லாம் பழுப்பாகி, தொட்டால் உதிர ஆரம்பித்தது. போய்க் கேட்டால் 45 வெள்ளிக்கு ஒரு 'வைட்டமின்' பாட்டிலை விற்றார். அதை ஊற்றிய பிறகு இன்னும் மோசம். இப்போது "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதில் உள்ளதைக் காட்டுகிறார். மரம் பிழைக்குமா? இல்லையென்றால் காசாவது கிடைக்குமா?

பதில்: சகோதரி, அந்த பாட்டிலை இன்றே மூடி வையுங்கள். வீசிவிடாதீர்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது. வேர் கெட்ட மரத்துக்கு உரம் ஊற்றுவது, வயிற்றுப்போக்கில் கிடப்பவனுக்குப் பிரியாணி போடுகிற மாதிரி.

அடுத்து, உங்கள் வீட்டில் இருப்பது உண்மையிலேயே பைன் மரம்தானா என்று பாருங்கள். இங்கே 'பைன்' என்ற பெயரில் நாலைந்து வகை மரம் விற்கிறார்கள். உதிர்ந்த ஊசி ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். அசல் பைன் என்றால் ஊசிகள் கொத்தாக, ஒரு சின்ன உறைக்குள் சேர்ந்திருக்கும். கொத்துக்கு இரண்டு என்றால் அது ஜப்பானியக் கறுப்பு பைனாக இருக்கலாம். ஐந்து என்றால் வெள்ளை பைன். வெள்ளை பைன் ஜப்பானின் மலைமரம், நம் ஊர்ச் சூட்டில் அதைக் காப்பாற்ற நினைப்பது வீண். கறுப்பு பைன் கடலோர மரம், கொஞ்சம் முரட்டு ஜாதி, நல்ல வெயில் கிடைத்தால் தாக்குப்பிடிக்கும்.

ஊசியை இரண்டு கையால் இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வருகிறதா? அப்படியென்றால் அது சவுக்கு. லூமுட் கடற்கரையில் நிற்கிறதே, மலாய்க்காரர்கள் 'ரூ' என்பார்களே, அதுதான். சின்ன வயதில் கழற்றிய கணுவைத் திரும்பப் பொருத்தி, "எங்கே உடைத்தேன், சொல்லு பார்ப்போம்" என்று விளையாடியிருப்பீர்கள். ஊசியே இல்லாமல், நடுவில் நரம்போடு நீண்ட தட்டை இலையாக இருந்தால் அது போடோகார்ப்பஸ், சீனர்கள் 'லோ ஹான் சோங்' என்பது. 'சோங்' என்றால் அவர்கள் மொழியில் பைன். அதனால் விற்பவர் வாயில் அது பைன் ஆகிவிடுகிறது, எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல முடியாது. மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருந்தால் ஜூனிப்பர்.

சவுக்கோ போடோகார்ப்பஸோ என்றால் சந்தோஷப்படுங்கள். இரண்டும் நம் வெயிலுக்குப் பழகியவை.

இப்போது உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. இதை உங்கள் வீட்டுக்காரரிடமே விடுங்கள். என் அப்பா தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டியவர். கத்தி பட்டையைச் சீவ வேண்டும், கட்டையைத் தொடக்கூடாது, தொட்டால் தண்டலிடம் ஏச்சு. அந்தப் பக்குவம்தான் இங்கேயும் வேண்டும். ஒரு சின்னக் கிளையில் நகத்தால் அரிசி அளவுக்குத் தோலைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் அந்தக் கிளைக்கு உயிர் உண்டு. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே, தண்டை நோக்கி ஒரு இடம், பிறகு இன்னொரு இடம். தண்டிலும் பச்சை இல்லையென்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

இந்த வகை மரங்களில் ஒரு கள்ளத்தனம் உண்டு. மல்லிகைச் செடி செத்தால் மறுநாளே முகம் தொங்கிவிடும். பைனும் ஜூனிப்பரும் வேர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். நீங்கள் மூன்றாவது மாதம் பார்த்த பழுப்பு, முதல் மாதத்திலேயே நடந்த கேடாக இருக்கலாம். கடையிலேயே ஆரம்பித்திருக்கவும் கூடும்.

பச்சை தெரிந்தால் மரத்தை ஹாலைவிட்டு வெளியே கொண்டுவாருங்கள். பைன் வீட்டுக்குள் வாழாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நேராக உச்சி வெயிலில் வைக்காமல் முதல் இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் படட்டும், பிறகு மெல்லக் கூட்டுங்கள். சட்டியின் மேலே கூழாங்கல் பரப்பியிருக்கிறதா, அதை விரலால் நெம்பிப் பாருங்கள். நானும் ஒருமுறை இதில் ஏமாந்தவன்தான். வெள்ளைக் கல் அழகாக இருக்கிறதே என்று வாங்கி வந்து, ஒரு மாதம் கழித்து நெம்பினால் பலகாரத் தட்டு மாதிரி முழுசாக எழும்பி வந்தது. எல்லாக் கல்லையும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். லோரியில் வரும்போது சிதறாமல் இருக்க அப்படிச் செய்வார்களாம். நான் ஊற்றிய தண்ணீர் கல்லின் மேல் ஓடி ஓரத்தில் வழிந்துவிட்டது. கீழே நடு வேர் காய்ந்த கொட்டாங்கச்சி மாதிரி கிடந்தது. உங்களுடையதும் ஒட்டியிருந்தால் உடைத்து எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு படம் பிடித்து வையுங்கள்.

தினம் ஒரு கிளாஸ் என்ற கணக்கே தப்பு. ஒரு சாத்தே குச்சியை மண்ணில் பாதிவரை குத்தி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி ஈரமாக வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். காய ஆரம்பித்திருந்தால் அடித் துளையில் ஒழுகும்வரை நன்றாக ஊற்றுங்கள். ஊற்றி முடித்ததும் சட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள், இன்னும் கொஞ்சம் தண்ணீர் சொட்டும். தட்டைச் சட்டியில் அடியில் தேங்கும் அந்தத் தண்ணீர்தான் வேரை அழுகவிடுகிறது. துளை அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள்.

மண் வெறும் களிமண்ணாக இருந்தாலும் வேரைக் கழுவி, நறுக்கி, புதுச் சட்டிக்கு மாற்றாதீர்கள். நோயில் கிடக்கும் பைன் அதைத் தாங்காது. மண்கட்டியோடு அப்படியே தூக்கி, கொஞ்சம் பெரிய சட்டியில் வைத்து, சுற்றிலும் பரும்படியான ஆற்று மணலோ எரிமலைக் கல்லோ நிரப்புங்கள். வேரில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படர்ந்திருந்தால் பயந்து மருந்து அடித்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் பைனுக்கு உதவும் பூஞ்சை.

பழுத்த ஊசி மறுபடி பச்சையாகாது. அதைப் பார்த்துக் கலங்காமல் கிளை நுனி மொட்டைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் அது விறைப்பாக நின்று நீள ஆரம்பித்தால் பிழைத்தது. பிழைத்தாலும், கறுப்பு பைனுக்குக் குளிர்கால ஓய்வு பழக்கம். நம் ரப்பர் பால் மரமே வருடத்தில் ஒருமுறை இலை கொட்டி ஓய்ந்துதானே துளிர்க்கிறது. அந்தக் குளிரை இங்கே நாம் கொடுக்க முடியாது, அதனால் நூறு வருடக் கணக்கை மறந்துவிடுங்கள்.

இனி காசு விஷயம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள்' என்பதில் மரமும் செடியும் அடங்கும், அதில் சந்தேகம் வேண்டாம். விற்ற பொருள் சொன்ன வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும், எதற்கு உதவும் என்று சொல்லி விற்றார்களோ அதற்கு உதவ வேண்டும். 'திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் இந்த உரிமை போய்விடாது.

"மரம் செத்துவிட்டது" என்று மட்டும் போய் நிற்காதீர்கள். "நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். "ஹாலில் வைக்கலாம் என்று சொல்லி விற்றீர்கள், அது ஹாலில் வாழாத மரம்" என்பதுதான் உங்கள் வழக்கு. ஊசியை எண்ணிப் பார்த்து பைனே இல்லை என்று தெரிந்தால், "வேறு மரத்தைப் பைன் என்று விற்றீர்கள்" என்பதும் சேரும். கடைக்காரர் சொன்னதை எந்தப் பிள்ளை நேரில் கேட்டதோ, அந்தப் பிள்ளையிடம் தேதியோடு எழுதி வாங்குங்கள். ரசீதில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். வாட்ஸ்அப் பேச்சு, மரத்தின் படங்கள், அந்த வைட்டமின் பாட்டில், எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

முதலில் கடைக்கு 425 வெள்ளி கேட்டு, நாள் குறித்து ஒரு கடிதம். மசியவில்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம், நம் ஆட்கள் 'திரிபுனல்' என்பது. போராங் 1 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளிவரை கேட்கலாம், சம்பவம் நடந்து 3 வருடத்துக்குள் பதிய வேண்டும். வக்கீல் தேவையில்லை, நீங்களே பேசலாம். தீர்ப்பு வந்து 14 நாளில் கடைக்காரர் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம். என்னைக் கேட்டால், அது போடோகார்ப்பஸாக இருந்து தண்டில் பச்சையும் தெரிந்தால், 45 வெள்ளியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு மரத்தைக் காப்பாற்றுவேன். பைனாக இருந்து செத்தும் போயிருந்தால் விடமாட்டேன்.

கேள்வி: இணையத்தில் 'நீல பைன் போன்சாய் விதை' என்று மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: போன்சாய் விதை என்று ஒன்று கிடையாது. எந்த மரத்தையும் சட்டியில் ஒடுக்கி வளர்க்கும் கலைக்குத்தான் போன்சாய் என்று பெயர். அதன் விதை சாதாரண மர விதைதான், போன்சாய் வடிவத்துக்கு வர வருடக்கணக்கில் ஆகும். நீல நிற விதைப் படங்கள் பெரும்பாலும் சாயம் அடித்த படங்கள். பொட்டலம் வெளிநாட்டிலிருந்து வருவதாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. 1976ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி விதை கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். லூமுட் பக்கம் போனால் சவுக்கு மரத்தடியில் சின்னக் காய்கள் உதிர்ந்து கிடக்கும். இரண்டு பொறுக்கி வந்து காகிதத்தில் காய வையுங்கள், இறக்கை வைத்த விதைகள் தானாகக் கொட்டும். அதற்குக் காசும் இல்லை, அனுமதியும் வேண்டாம்.