தரை காய்ந்துவிட்டது, ராக்கின் பின்பக்கம் காயவில்லை

கேள்வி: ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, தண்ணீர் புகுந்த கடை, குடோன், ஆஸ்பத்திரிகளை உலர்த்திக் கொடுக்கும் கம்பெனியில் ஹெல்ப்பராக இருக்கிறேன். நான்கு மாதமாக ஓஸ் தூக்குவதும் மாப் போடுவதும்தான் வேலை. யாரும் சொல்லித் தருவதில்லை. தொழிலை எப்படிக் கற்றுக்கொள்வது?
- வாசகர் ஒருவர், திருமங்கலம்

பதில்: தம்பி, மாப் போடுகிறவருக்குத்தான் ஒரு கட்டடத்தில் தண்ணீர் எந்த மூலைக்கு ஓடுகிறது என்று முதலில் தெரியும். அதைக் கவனித்து வையுங்கள்.

நான் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம் ஐப்பசி மழை. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் கீழ்த்தளக் குடோனில் முழங்கால் தண்ணீர். இறைத்தோம், துடைத்தோம், இரண்டு நாள் ஃபேன் ஓட்டினோம். தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முடிஞ்சது அண்ணாச்சி" என்று மெஷினை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பத்தாம் நாள் போன் வந்தது. பிளைவுட் ராக்கை நகர்த்தினால் பின்பக்கம் முழுக்கக் கரும்பூஞ்சை. மேல்தட்டில் நனையாமல் தப்பிய சேலைக் கட்டுகளிலும் புள்ளி விழுந்திருந்தது. தீபாவளிக்கு எடுத்த சரக்கு. அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு சேலையை விரித்துக் காட்டிவிட்டுப் பேசாமல் நின்றார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

கைக்கு மேல்பரப்பு மட்டும்தான் தெரியும். ஈரம் தங்கினால் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். ஜிப்சம் பார்ட்டிஷன் விளக்குத்திரி மாதிரி தண்ணீரை மேலே இழுக்கும். அதனால் ஈரம் அளக்கும் மீட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு ஊசி மீட்டரை மரத்தில் குத்தினால் வரும் சதவீதம் மரத்துக்கு உரியது. செங்கல் சுவரில் அதே எண்ணை அப்படியே நம்பக் கூடாது. முதல் நாளே, அதே கட்டடத்தில் தண்ணீர் படாத சுவர் ஒன்றை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நனைந்த சுவர் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை மெஷினை நிறுத்தாதீர்கள்.

ஜன்னலைத் திறந்தால் காய்ந்துவிடும் என்று முதலாளிகள் சொல்வார்கள். சித்திரை வெயிலில் பைப் உடைந்த இடம் என்றால் சரி, மதுரைக் காற்றே பாதி வேலையைப் பார்க்கும். அடைமழையில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது மூடிவைத்து, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் மெஷினைத்தான் ஓட்ட வேண்டும்.

உயிர் விஷயம் சிலது. மெயின் அணைத்ததைக் கண்ணால் பார்க்காமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். டீசல் பம்ப்பையும் ஜெனரேட்டரையும் கீழ்த்தளத்துக்குள் இறக்கவே கூடாது. அந்தப் புகையில் வாசனையில்லாத விஷவாயு இருக்கிறது. வெளியே மண் ஊறிக் கிடக்கும்போது நிறைந்த கீழ்த்தளத்தை ஒரே மூச்சில் இறைத்தால் மண்ணின் அழுத்தத்தில் சுவர் உள்ளே சரியலாம்; நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் புகுந்த மாதிரித் தெருத்தண்ணீர் என்றால் சாக்கடை கலந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பூட்ஸ், கையுறை இல்லாமல் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம்.

நாளைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். சீனியரிடம், "அண்ணே, ரீடிங்கை நான் எழுதிக்கிறேன்" என்று கேளுங்கள். அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் சீனியரை நான் பார்த்ததில்லை. சுவரில் சாக்பீஸால் பத்து இடம் குறித்து, தினமும் அதே நேரத்தில் அதே இடத்தை அளந்து எழுதுங்கள். மூன்றாம் நாளும் எண் இறங்காத இடத்தை அவரிடம் காட்டி ஏன் என்று கேளுங்கள். அங்கே ஸ்கர்ட்டிங்கையோ (சுவரின் அடியில் ஓடும் பட்டை) ராக்கையோ கழற்ற வேண்டியிருக்கும். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை நனைந்த சரக்கில் ஒரு கட்டைக்கூட வெளியே வீச விடாதீர்கள்.