18 வயதுக்கு எட்டு மாதம்: வளர்ப்புப் பிள்ளையின் கோவை மூடப்படும் முன்

திருகோணமலை, உப்புவெளியிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "நீதிமன்றக் கட்டளைப்படி ஒரு பெண்பிள்ளையை ஆறு வயதிலிருந்து வளர்க்கிறேன். மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலியில்தான் இருப்பா. பேச்சு மெதுவாகத்தான் வரும், ஆனால் எல்லாம் விளங்கும். வலிப்புக்கு மருந்து எடுக்கிறா. எட்டு மாதத்தில் 18 முடிகிறது. அதோடு நன்னடத்தைத் திணைக்களத்தில் அவவின் கோவையை (ஃபைலை) மூடிவிடுவோம் என்கிறார்கள். பிறகு எங்களுக்கு யார்? இப்போது என்ன செய்யலாம்?"

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பிறகு இலங்கையில் 18 வயதானவர் முழு வளர்ந்தவர். இதுவரை பிள்ளையைப் பார்த்த நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் கிழக்கு மாகாண சபையின் கீழ் இயங்குவது. இனி அவவுக்குத் தேவைப்படும் மாற்றுத்திறனாளி கொடுப்பனவும் உபகரண உதவியும் மத்திய அரசின் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு வருபவை. இரண்டும் வேறு வேறு நிர்வாகம். ஒரு பக்கம் கோவை மூடினால் மறுபக்கம் தானாகத் திறக்காது. அங்கிருந்து இங்கே கடதாசிகளைக் கொண்டுபோகிற ஆள் நீங்கள்தான். எட்டு மாதம் போதும், இந்தக் கிழமையே தொடங்கினால்.

முதலில் நீதிமன்றக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி இரண்டு எடுங்கள். அடுத்து நன்னடத்தை உத்தியோகத்தரிடம், கோவையை மூடும் முன் ஓர் இறுதி அறிக்கை எழுதித் தரும்படி எழுத்திலேயே கேளுங்கள். பிள்ளை எந்தத் திகதியிலிருந்து உங்களிடம் இருக்கிறா, என்ன குறைபாடு, எங்கே படித்தா, 18க்குப் பிறகு எங்கே இருக்க விரும்புகிறா என்பவை அதில் இருக்க வேண்டும். அதன் பிரதி உங்கள் பகுதிக்கான 'பட்டணமும் சூழலும்' பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் போகட்டும். நன்னடத்தை உத்தியோகத்தர் இடமாற்றத்தில் போய்விட்டால், பிள்ளையைக் கண்ணால் கண்டிராத ஒருவரிடம் இந்த அறிக்கையைக் கேட்டு அலைய வேண்டிவரும்.

அடையாள அட்டைக்கு 15 வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். இன்னும் எடுக்கவில்லையென்றால் அதுதான் முதல் வேலை. பாடசாலைக்குப் போகிறவர் அதிபர் வழியாக, மற்றவர் கிராம உத்தியோகத்தர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். படம் ஆட்பதிவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். வாசலில் படி இருக்கிறதா என்று முன்கூட்டியே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாடசாலைப் பதிவில் இன்னொரு எழுத்து, கட்டளையில் தகப்பன் பெயர் இல்லை என்றால் எல்லா விண்ணப்பமும் அந்த இடத்திலேயே நிற்கும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். முகவரியும் அப்படித்தான்: அட்டையில் உங்கள் வீட்டு முகவரியே வர வேண்டும்.

வங்கிப் புத்தகம் பிள்ளையின் பெயரில் இருக்கட்டும். அவவின் கொடுப்பனவு உங்கள் கணக்கில் விழுந்தால் பிற்காலத்தில் அது அவவின் காசு என்று காட்டுவது கஷ்டம். கையொப்பம் இட முடியாவிட்டால் பெருவிரல் அடையாளத்தோடு கணக்குத் திறக்க வங்கி முகாமையாளரிடம் நேரில் பேசுங்கள். மாற்றுத்திறனாளி கொடுப்பனவு 2024இல் மாதம் 7,500 ரூபாவாக இருந்து 2025 ஏப்ரலில் 10,000 ஆனது. இதுவரை விண்ணப்பிக்காவிட்டால் பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டாம். அரசாங்க வைத்தியரின் சான்றிதழைச் சேர்த்து இப்போதே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான திகதியை உங்கள் பிரதியில் குறித்து வாங்குங்கள்.

பலர் இந்த இடத்தில் ஒரு பிழை விடுவார்கள். "பிள்ளைக்கு ஏலாது, நான் பாதுகாவலராக வேண்டும்" என்று மாவட்ட நீதிமன்றத்துக்கு ஓடுவார்கள். சித்த சுவாதீனம் இல்லாதவரின் சொத்தைப் பார்க்க ஆளை நியமிக்கும் நடைமுறை அது. உங்கள் பிள்ளைக்கு எல்லாம் விளங்கும் என்கிறீர்கள். அப்படியானவரை அந்த வழியில் கொண்டுபோனால், சொந்தமாக முடிவெடுக்கும் உரிமையைப் பறிக்கிறீர்கள். 18க்குப் பிறகு உங்களோடு இருக்க எந்தக் கட்டளையும் தேவையில்லை, அவ விரும்பினால் போதும். அதிகாரி கேள்வி கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். அவ சொல்லி முடிக்கும் வரை எல்லாரும் பொறுக்க வேண்டும்.

மருந்து விஷயம் அவசரமானது. வலிப்புக்குச் சோடியம் வல்புரோவேற் எடுக்கிறாவா என்று கிளினிக் கொப்பியைப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் அது குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். ஆகவே வளர்ந்த பெண்ணுக்கு மாற்று மருந்து பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரலாம்.

வீட்டு வாசலில் சாய்வுப்பாதை போட்டால் ஒரு அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி. இடமில்லை என்று மேசன் மூன்றடியில் முடித்தால் நாற்காலி பின்னுக்குச் சரியும்.

தொழிலுக்கு, தேசிய தொழில் தகைமை கிடைக்கும் பயிற்சியாகத் தேடுங்கள். அரச வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988இலிருந்து இருக்கிறது, நேர்முகத்தில் அதை எடுத்துச் சொல்லலாம். அதற்கு முன்பே கிழமைக்கு 1,000 ரூபா கையில் கொடுத்து, சோப்பும் தொலைபேசிக் காசும் அவவே பார்க்கட்டும். முதல் மாதம் புதன்கிழமையோடு காசு முடிந்துவிடலாம். நிரப்பிவிடாதீர்கள், அடுத்த கிழமை அவவே கணக்குப் பார்ப்பா.

சிறுவர்களுக்கான 1929 உதவி இலக்கம் 18க்குப் பிறகு அவவுக்கானது அல்ல. பெண்களுக்கான 1938ஐ அவவின் தொலைபேசியில் பதிந்து, அழைத்துப் பேசவும் பழக்குங்கள்.

உங்களுக்குப் பிறகு? வளர்ப்பது வேறு, சட்டப்படி தத்தெடுப்பது வேறு. தத்தெடுக்காமல் எத்தனை வருடம் வளர்த்தாலும் அவ உங்கள் சட்ட வாரிசு அல்ல. வீட்டில் ஓர் அறையாவது அவவுக்கு என்று நினைத்தால் மரண சாசனம் எழுதுங்கள். நொத்தாரிசு முன் என்றால் இரண்டு சாட்சி, நொத்தாரிசு இல்லாமல் என்றால் ஐந்து சாட்சி. பயன் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். அதோடு, நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் அவவைப் பார்க்க ஒருவரை இப்போதே பிள்ளையிடம் கேட்டுத் தெரிவு செய்யுங்கள். அந்த ஆள் மாதத்தில் ஓர் இரவு உங்கள் வீட்டில் தங்கி, தூக்குவதையும் மருந்து கொடுப்பதையும் பழகட்டும்.