வாங்குவோர் கேள்வி-பதில்: சூடேறும் எஞ்சின் ஆயில்

கேள்வி: நெடுஞ்சாலையில் என் ஸ்போர்ட்ஸ் காரின் ஆயில் வெப்பமானி 220-ஐத் தொடுகிறது. உடனே ஆயில் கூலர் வாங்கிவிடட்டுமா?

பதில்: அது ஃபாரன்ஹீட். செல்சியஸில் 104 டிகிரிதான், ஒன்றும் வாங்க வேண்டாம்.

கேள்வி: கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) முள் நடுவிலேயே நிற்கிறது, ஆனால் மலைச்சாலையில் ஏறும்போது ஆயில் மட்டும் 115 டிகிரி வரை போகிறது. எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: பிரிக்க விடாதீர்கள். பல கார்களில் கூலன்ட் முள், சற்று ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஆயிலின் வெப்பமோ எஞ்சினின் சுமைக்கும் சுழற்சி வேகத்துக்கும் ஏற்பப் பின்தங்கி ஏறிப் பின்தங்கி இறங்கும். செல்சியஸில் 90 முதல் 110 வரை இயல்பு, நீண்ட ஏற்றத்தில் 120 வரை போனாலும் நல்ல ஆயில் தாங்கும், 130-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லையே! ஆயில் குறைந்திருந்தால் இருப்பது விரைவில் சூடாகும், அளவுக்கு மிஞ்சியிருந்தால் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்துவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

கேள்வி: கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருந்தாலும், கடைக்காரர் சொன்னார் என்று ‘முழு சிந்தெடிக், ரேசிங்’ என்று எழுதிய 10டபிள்யூ-60 ஊற்றினேன். வெப்பம் முன்பைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது.

பதில்: கூடத்தான் செய்யும். தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலைத் தள்ளுவதிலும் அது உள்ளுக்குள் உராய்வதிலும் வீணாகும் ஆற்றல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. கையேடு காரோடு இலவசமாக வருகிறது, அதைப் படிக்காமல் கடைக்காரரைக் கேட்பானேன்?

டப்பாவின் முன்பக்கத்தை நம்பி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. ‘ரேசிங்’ என்பது ஒரு தரம் அன்று, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ‘சிந்தெடிக்’ என்பதும் ஏறக்குறைய அப்படித்தான் ஆகிவிட்டது. ஒரு காலத்தில் வேதியியல் முறையில் உருவாக்கிய பாலிஆல்ஃபாஓலிஃபின், எஸ்டர் போன்றவற்றையே அச்சொல் குறித்தது. ஆயில் நிறுவனமான மொபில் தன் போட்டியாளர் காஸ்ட்ரால் மீது எழுப்பிய முறையீட்டில், கச்சா எண்ணெயிலிருந்து வந்து கடுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட ஆயிலையும் காஸ்ட்ரால் அப்பெயரில் விற்கலாம் என்று அமெரிக்க விளம்பரத் துறையின் தன்னொழுங்கு அமைப்பு 1999-இல் முடிவு சொன்ன பிறகு, அந்தச் சொல்லை மட்டும் வைத்து உள்ளே இருப்பது எது என்று சொல்ல முடிவதில்லை. பார்க்க வேண்டியது பின்பக்கத்துச் சிறு எழுத்துகளை. 5டபிள்யூ-30-இல் வரும் 30 என்ற எண் 100 டிகிரியில் உள்ள பாகுத்தன்மையைக் குறிக்கிறது, ஆனால் பேரிங்குகளைக் காப்பது 150 டிகிரியில், கடும் உராய்வில் அளக்கப்படும் பாகுத்தன்மை. 30 தரத்துக்கு அந்த அளவு 2.9 மில்லிபாஸ்கல்-விநாடி இருந்தாலே போதும், ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கத்தின் தரமான ஏசிஇஏ ஏ3/பி4 என்று குறித்திருந்தாலோ 3.5 இருந்தாக வேண்டும். ஆக, ஒரே எண்ணைச் சுமந்த இரண்டு டப்பாக்கள் வெப்பத்தில் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. ‘வெப்பத்தைத் தணிக்கும்’ என்ற வாசகத்துக்காக நான் வாங்கிய சேர்மானப் புட்டி ஒன்று பாதி தீராமல் என் அலமாரியில் நிற்கிறது. அதை ஊற்றியும் முள் ஒரு கோடுகூட இறங்கவில்லை.

கேள்வி: ஆயில் கூலர் பொருத்தினேன். இப்போது ஆயில் 70 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. குளிர்ச்சி நல்லதுதானே?

பதில்: இல்லை. அந்த வெப்பத்தில் ஆயிலில் கலக்கும் ஈரமும் பெட்ரோலும் சரிவர ஆவியாகிப் போகாது. 80 டிகிரியை ஒட்டித் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள, எஞ்சினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் இடையில் வரும் இணைப்புத் தகட்டை வாங்கிப் பொருத்துங்கள், அதை முதலிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: ‘ரேஸ் டிராக்குக்குத் தயார்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து 2009-ஆம் ஆண்டு நிசான் 370இசட் வாங்கினேன். டிராக்கில் சில சுற்றுகளிலேயே எஞ்சின் சுழற்சி ஏற மறுக்கிறது. விற்றவர் கைவிரிக்கிறார்.

பதில்: உங்கள்மீது தவறில்லை, விற்றவர் சொன்னதுதான் பொய். ஆரம்ப ஆண்டுகளின் 370இசட் ஆயில் கூலர் இல்லாமல் வந்தது. ஆயில் அளவுமீறிச் சூடானால் கட்டுப்பாட்டுக் கணினி சுழற்சியை மட்டுப்படுத்தி எஞ்சினைக் காக்கும். இது பரவலாகத் தெரிந்த குறை, பின்னாளில் நிறுவனமே கூலரைச் சேர்த்தது. எனவே எஞ்சின் கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். விளம்பரத்தின் படமும் அவர் அனுப்பிய செய்திகளும் இருந்தால் பத்திரப்படுத்தி, கூலர் பொருத்தும் செலவை ஏற்குமாறு எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் மறுபடியும் கைவிரிப்பார். அதுவரை டிராக்கில் குறைந்த சுற்றுகளோடு நிறுத்தி, கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி முடியுங்கள். அப்படிச் சூடேறிய ஆயிலை வழக்கமான தவணை வரை ஓட்டாமல் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வாங்கிய இரண்டு டப்பாக்களில் ஒன்றை ஊற்றிய பிறகே சந்தேகம் வந்தது. மற்றொன்றின் மூடி வளையம் அறுந்திருக்கிறது, தொகுதி எண் விரலால் தேய்த்தாலே அழிகிறது.

பதில்: போலி என்றே தோன்றுகிறது. எஞ்சினை மேலும் ஓட்டாமல் ஊற்றியதை வடித்து ஒரு சுத்தமான புட்டியில் கொஞ்சம் எடுத்து வையுங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். ஊற்றாத டப்பாவைக் கடைக்காரர் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள், உங்களிடம் உள்ள சான்று அதுதான். அதையும் ரசீதையும் படம் எடுத்து, தொகுதி எண்ணோடு ஆயில் நிறுவனத்துக்கு அனுப்பி, அது தங்கள் சரக்கா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதிலோடு கடைக்குப் போனால் பணம் மட்டுமல்லாமல், வடித்து மாற்றிய செலவையும் சேர்த்தே கேட்கலாம்.