நிறத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்ததைப் பற்றிய கட்டுரையில், இதை நிறவெறியிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. ஏழைப் பெண் எந்த நிறமானாலும் கஷ்டப்படத்தான் செய்வாள். இது பணப் பிரச்சினை. நிறத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பணம்தான் எல்லாம் என்றால், பணத்துக்குக் குறைவில்லாத கறுப்பின டென்னிஸ் நட்சத்திரம் செரீனா வில்லியம்ஸுக்கு ஏன் அப்படி நடந்தது? 2017இல் சிசேரியனுக்கு மறுநாள் அவருக்கு மூச்சுத் திணறியது. முன்பே நுரையீரலில் ரத்தம் உறைந்து அவதிப்பட்டவர் என்பதால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வலி மருந்தில் ஏதோ குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். விடாமல் கேட்டபின் எடுத்த ஸ்கேனில், நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருந்தன.

ஒருவருடைய அனுபவத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பீர்கள். சரி. அமெரிக்க அரசின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் இறந்துபோகும் தாய்மார்கள் வெள்ளையினத்தில் 14.5, கறுப்பினத்தில் 50.3. கல்லூரி முடித்த கறுப்பினப் பெண்களின் பேறுகால இறப்பு விகிதம், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களுடையதைவிட அதிகம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019இல் சொன்னது. படிப்பும் வருமானமும் இந்த இடைவெளியை மூடவில்லை.

கட்டுரையில் நான் போதுமான அளவு பேசாத இன்னொரு பக்கமும் உண்டு. 1973 ஜனவரியில் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜூனில், அலபாமாவின் மாண்ட்கமரியில் ரெல்ஃப் என்ற கறுப்பினக் குடும்பத்துச் சகோதரிகள் இருவருக்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டார்கள். ஒருத்திக்கு 14 வயது, இன்னொருத்திக்கு 12. கிளினிக் நடந்தது மத்திய அரசின் பணத்தில். எழுதப் படிக்கத் தெரியாத தாய், வழக்கமான கருத்தடை ஊசிக்குத்தான் என்று நம்பி, காகிதத்தில் கீறல் போட்டிருந்தார். வழக்கு நடந்தபோதுதான், ஆண்டுக்கு ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் ஏழைகளுக்கு அரசுப் பணத்தில் இப்படி அறுவை நடந்ததும், உதவித்தொகை நின்றுவிடும் என்று மிரட்டிச் சிலரிடம் சம்மதம் வாங்கியதும் நீதிமன்றப் பதிவில் ஏறின. அந்த ஏழைகளில் வெள்ளையரும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் 12 வயதுக் கறுப்பினச் சிறுமியைப் பார்த்ததும், இவள் பிள்ளை பெறவே கூடாது என்று முடிவெடுக்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அடிமைப் பெண் பெறும் பிள்ளை முதலாளியின் சொத்து என்று சட்டம் எழுதி வைத்திருந்த நாடு அது. லாபம் தந்த காலத்தில் பெறச் சொன்னார்கள். உதவித்தொகை கொடுக்க வேண்டிய காலம் வந்ததும் பெறாதே என்றார்கள்.

1976இல் வந்த ஹைட் திருத்தம், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் நிதியிலிருந்து கருக்கலைப்புக்குப் பணம் தருவதை ஏறக்குறைய நிறுத்தியது. கருத்தடை அறுவைக்கு மட்டும் அதே நிதி தொடர்ந்தது.

1994இல் சிகாகோவில் கூடிய 12 கறுப்பினப் பெண்கள் 'இனப்பெருக்க நீதி' என்ற பெயரை வைத்தது இதையெல்லாம் பார்த்துத்தான். பிள்ளை வேண்டாம் என்னும் உரிமையோடு, பெற்றுக்கொள்ளும் உரிமையையும், பெற்றதைப் பயமில்லாமல் வளர்க்கும் உரிமையையும் அவர்கள் சேர்த்தே கேட்டார்கள். முதல் உரிமையை மட்டும் பேசினால் ரெல்ஃப் சகோதரிகளுக்கு அதில் இடமே இல்லை.

அன்புடன்.